இடாஹோவின் கனவான் ஆட்சேபிக்கிறார்

ஃபெர்மின் அரிஸபலாகாவின் வாழ்க்கையை நான் கெடுத்தது எழுந்து நின்றதால். பேசிக் கெடுத்திருந்தால்கூட ஒரு வக்கீலுக்கு அது கௌரவமாக இருந்திருக்கும்.

1957, மே மாதம், மூன்றாவது செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டே கால். நான் இடாஹோவிலிருந்து வாஷிங்டன் பிரதிநிதிகள் சபைக்கு வந்து நாலரை மாதம் ஆகியிருந்தது. நானூற்றுச் சொச்சம் நாற்காலிகளில் முப்பது பேர் இருந்தோம். அதில் பதினைந்து பேர் விழித்திருந்தோம்.

ஒரே ஓர் ஆளுக்காக ஒரு சட்டம் போட எங்கள் சபைக்கு அதிகாரம் உண்டு. பட்டாளத்து லாரி மோதிக் கோவேறு கழுதையைப் பறிகொடுத்தவர், கையெழுத்துப் போட ஒரு நாள் தாமதித்ததால் ஓய்வூதியத்தை இழந்த தபால்காரர், இப்படிப் பொதுச் சட்டத்தில் இடம் கிடைக்காதவர்களுக்குத் தனி மசோதா. மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை எழுத்தர் இவற்றின் தலைப்புகளை ஏலம் விடுகிற வேகத்தில் வாசிப்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் நிறைவேறிவிட்டது. இரண்டு பேர் ஆட்சேபித்தால் கமிட்டிக்குத் திரும்பிப் போகும். இந்த மசோதாக்களை யாருமே படிப்பதில்லை என்பதால், படித்து ஆட்சேபிப்பதற்கென்றே கட்சிக்கு மூன்று பேரை நியமித்திருந்தார்கள். பதவியின் பெயரே ஆட்சேபகர். புதியவன், வக்கீல், முடியாது என்று சொல்லத் தெரியாதவன் என்ற மூன்று தகுதிகளும் இருந்ததால் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது.

என்னோடு ஜோடியாக இருந்தவர் ஹார்லன் டட்டில். வட கரோலினாவின் புகையிலைச் சீமையிலிருந்து இருபத்தெட்டு வருடமாக வந்துகொண்டிருப்பவர். முதல் நாளே எனக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தார். ஒருவர் எழுந்து ஆட்சேபித்தால் மற்றவரும் எழ வேண்டும். இரண்டு பேர் தேவை என்பதால், தோழரைத் தனியாக நிற்கவைத்து அவமானப்படுத்தக் கூடாது. ஏன் என்று அங்கே கேட்கக் கூடாது. ஏன் என்பதெல்லாம் அப்புறம், சபை உணவகத்தில், பயறு சூப் குடிக்கும்போது. அந்த நாலரை மாதத்தில் நாங்கள் அறுபத்து மூன்று மசோதாக்களைக் கவிழ்த்திருந்தோம். அதில் பாதிக்குச் சூப் குடிக்கும்போதும் ஏன் என்று எனக்கு நினைவு வரவில்லை.

அன்று எழுத்தர், "ஃபெர்மின் அரிஸபலாகாவுக்கு நிவாரணம் அளிக்கும் மசோதா" என்று வாசித்தார். நான் எழுந்தேன். எதற்கு என்று கேட்டால், பெருமைக்கு. அது என் மசோதா. நானே எழுதி நானே கொண்டுவந்த என் முதல் மசோதா. பள்ளி ஆண்டு விழாவில் மகன் பெயரைக் கூப்பிட்டதும் எழுகிற அப்பனைப் போல எழுந்து, கோட்டைக்கூடக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். பக்கத்தில் டட்டில் ஒரு கண்ணைத் திறந்தார். நான் நிற்பது தெரிந்தது. விருட்டென்று எழுந்து, "ஆட்சேபிக்கிறேன்" என்றார். அந்தக் குரல் காதில் விழுந்ததும் என் வாய், அறுபத்து மூன்று தடவை பழகிய பழக்கத்தில், என்னைக் கேட்காமலே, "நானும் ஆட்சேபிக்கிறேன்" என்றது.

தலைவர் சுத்தியலைத் தட்டினார். மசோதா கமிட்டிக்குத் திரும்புகிறது. எழுத்தர் அடுத்ததற்குப் போய்விட்டார். அது ஒஹையோவில் ஒரு விதவையின் களஞ்சியம் சம்பந்தப்பட்டது.

உட்கார்ந்ததும் டட்டில் என் காதருகே குனிந்தார்.

"யாரு தம்பி அந்த ஆளு? ரொம்ப மோசமோ?"

"என் ஊர்க்காரன். என் மசோதா அது."

அவர் மற்றக் கண்ணையும் திறந்தார். "அப்புறம் ஏன் எழுந்தீங்க?"

"பெருமையா இருந்துச்சு."

"இங்க பெருமையா இருந்தா உக்காந்துக்கிட்டேதான் இருக்கணும்" என்றார் டட்டில், வருத்தமாகத்தான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதிக நேரம் ஆகாது. பெயர் லைமன் பிக்ஸ்பி. கார்வர் ஃப்ளாட் என்ற ஊரில், தீவனக் கடையின் மாடியில் பன்னிரண்டு வருடம் வக்கீல் தொழில் நடத்தினேன். வேலி வழக்கு, வாய்க்கால் வழக்கு, வேலிக்குள் வாய்க்கால் வந்த வழக்கு. எங்கள் பழைய பிரதிநிதி காலமானபோது, கட்சியில் மூன்று பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் அந்த இடத்துக்கு வரவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருமே மறந்துபோயிருந்த ஒரே ஆள் நான். ஜெயித்துவிட்டேன்.

ஃபெர்மின் அதற்கு முன்பே, வக்கீல் தொழிலில், என் கட்சிக்காரன். ஸ்பெயினின் பாஸ்க் மலைகளிலிருந்து மூன்று வருட ஒப்பந்தத்தில் ஆடு மேய்க்க வந்தவன். 1954 ஏப்ரலில் ஒப்பந்தம் முடிகிற நாளில் அவன் இரண்டாயிரம் ஆடுகளோடு மலையில் இருந்தான். ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருந்தன. மாற்று ஆள் வரவில்லை. குட்டி போடுகிற மந்தையை விட்டுவிட்டு இறங்குகிறவன் மேய்ப்பனே இல்லை என்பது அவர்கள் கணக்கு. நாற்பது நாள் கழித்து இறங்கி, காகிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குடியேற்ற அலுவலகத்துக்குத் தானே போய் நின்றான். நாற்பது நாள் அத்துமீறித் தங்கியவன் என்று எழுதி, வெளியேறச் சொன்னார்கள். வெளியேறினால் திரும்ப வர முடியாது. மேல்முறையீடு போட்டுப் போட்டு நான் அதைத் தள்ளிவைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை முதலாளி ஆடாகவே கொடுத்துவந்தார். இருநூறு ஆடுகள் காதில் அவன் அடையாளக் கீறலோடு மேய்ந்துகொண்டிருந்தன. மனைவி பெனிதாவையும் மகள் மைதேயையும் இங்கே கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் எல்லாம். அவன் கிளம்பியபோது மைதே நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நான்தான் என் தீவனக் கடை மாடியில் அவனை உட்காரவைத்து, "காத்திரு ஃபெர்மின். அமெரிக்காவோட சட்டப் புத்தகத்துல உன் பேர்ல ஒரு சட்டம் கொண்டுவர்றேன்" என்றேன். பிரசாரத்தில் சொன்ன வாக்குறுதி எதுவும் எனக்கு நினைவில்லை. இது மட்டும் இருக்கிறது.

மசோதா உயிரோடு இருக்கும்வரை குடியேற்ற அலுவலகம் அவனைத் தொடாது. ஆனால் அவன் நாட்டைவிட்டு வெளியே ஒரு கால் வைத்தால் மசோதா போச்சு. ஆக, மசோதா என்பது அவனைக் காப்பாற்றுகிற காகிதம். அவனை நகரவிடாத காகிதமும் அதுதான். இதை நான் அவனுக்கு அப்போதே விளக்கினேன். எவ்வளவு நாளாகும் என்று கேட்டான். விரைவில் என்றேன்.

எழுந்து நின்ற மறுநாள் காலை, என் செயலாளர் திருமதி க்ரோகன் சபைப் பதிவேட்டை என் மேஜைமேல் விரித்து வைத்தார். நான் பேசியது மூன்று சொல்லுக்கு மேல் இராது. அச்சில் இரண்டரைப் பக்கம் இருந்தது. பேசியதைத் திருத்தவும் விரிவாக்கவும் உறுப்பினருக்கு உரிமை உண்டு. அதை அவரே செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தன் மசோதாவுக்குத் தானே ஆட்சேபம் சொன்னவன் முட்டாளாகத் தெரிவானே என்று கட்சி அலுவலகத்தில் ஒரு நல்ல மனிதர் இரக்கப்பட்டு, என் சார்பில் என்னை விரிவாக்கியிருந்தார்.

"'என் சொந்த மாவட்டத்தான் என்பதற்காக நான் கண்ணை மூடிக்கொண்டால், மற்ற மாவட்டத்தாரின் கண்களை எப்படிப் பார்ப்பேன்?'" என்று திருமதி க்ரோகன் உரக்க வாசித்தார். "நல்லாத்தான் பேசியிருக்கீங்க சார். எங்க கத்துக்கிட்டீங்க?"

நான் நேராகச் சபை விதிகளின் நிபுணரிடம் போனேன். முப்பது வருடமாக அந்த அறையில் இருப்பவர். ஓர் ஆட்சேபத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்று கேட்டேன். அவர் மூன்று தடித்த புத்தகங்களைப் புரட்டிவிட்டு, முடிவடையாத செயலை மட்டுமே திரும்பப் பெறலாம், ஆட்சேபமோ சொன்ன கணத்திலேயே முடிவடைந்துவிடுகிறது என்றார். முடிவதற்கு முன்பு திரும்பப் பெறலாமா என்றேன். அப்போது அது இன்னும் ஆட்சேபமே ஆகியிருக்காது, இல்லாததை எப்படித் திரும்பப் பெறுவது என்று கேட்டார். அது தவறுதலாக நடந்தது என்றேன். உறுப்பினர்களின் நோக்கங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லும் வழக்கம் இந்த அறைக்கு இல்லை என்றார். கதவுவரை வந்து வழியனுப்பினார்.

அடுத்து கமிட்டித் தலைவர் அகஸ்டஸ் ப்ரூம். அவர் அறையில் உட்காருவதற்கு வசதியான நாற்காலி ஒன்றுதான் உண்டு. அதில் அவர் இருந்தார். மசோதாவை மீண்டும் சபைக்கு அனுப்பக் கமிட்டிக்குத் தடையேதும் இல்லை, ஆட்சேபித்தவர் தன் காரணத்தை எழுத்தில் கொடுத்து, கொண்டுவந்தவர் அதற்குப் பதில் கொடுத்தால் போதும் என்றார். நான் அங்கேயே ஒரு தாளில் 'காரணம் எதுவும் இல்லை' என்று எழுதி நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை நீண்ட நேரம் படித்தார்.

காரணமில்லாத ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல முடியாது என்றார். பதில் சொல்லப்படாத ஆட்சேபம் நிலைத்து நிற்கும். ஆகவே இதுவரை அவர் பார்த்ததிலேயே மிக வலுவான ஆட்சேபம் இதுதான்.

வக்கீல் புத்தி எங்கே போகும்? ஒரு சாதாரணக் காரணத்தைச் சொல்லி, அதை நானே உடைத்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றியது. அந்த வேலையை ஃபெர்மின் செய்வதால் ஓர் அமெரிக்கனின் பிழைப்பு கெடவில்லை என்பது நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினேன். யாராலும் உடைக்கக்கூடிய காரணம். ஒரு சிறுபிள்ளை உடைத்துவிடும். இருபது வயதில் என்னைச் சட்டக் கல்லூரியில் சேர்த்த என் அப்பா இதைப் பார்க்க உயிரோடு இல்லையே என்று ஆறுதல்பட்டுக்கொள்கிறேன்.

விசாரணை ஜூலையில் நடந்தது. மேஜையில் எனக்கு இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றின்முன் 'மசோதா கொண்டுவந்தவர்' என்றும் மற்றதன்முன் 'ஆட்சேபித்தவர்' என்றும் அட்டை. நான் முதலாவதில் உட்கார்ந்து, ஃபெர்மினின் நேர்மையைப் பற்றிப் பேசினேன். பிறகு ப்ரூம், ஆட்சேபித்த கனவான் இப்போது கேள்வி கேட்கலாம் என்றார். நான் இடம் மாறி உட்கார்ந்து, மலையில் அமெரிக்க மேய்ப்பர்கள் கிடைக்கவில்லை என்பதற்குக் கொண்டுவந்த கனவானிடம் என்ன சான்று இருக்கிறது என்று கேட்டேன். மறுபடி இடம் மாறி, ஆட்சேபித்த கனவானின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் அவர் அந்த மலையைப் பார்த்திருக்க மாட்டார் என்றேன். அங்கே என்னை ஒரு சுருக்கெழுத்தாளர் நிறுத்தி, எந்தக் கனவான் மலையைப் பார்த்ததில்லை என்று தெளிவுபடுத்தச் சொன்னார். இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள் என்றேன். அது முரண்பாடாகப் பதிவாயிற்று.

கடைசியில் ப்ரூம் பேசினார். அந்தப் பேச்சு அச்சில் இருக்கிறது, விரிவாக்கப்படாமல், அப்படியே:

"கருணை என்பது இந்தச் சபையின் மிக உயர்ந்த அதிகாரம். அதனால்தான் நான் அதைப் பதினாறு ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் பாதுகாத்து வருகிறேன். தேவைப்படுகிறவர்களுக்கெல்லாம் கருணை காட்டத் தொடங்கினால், நாளைக்குத் தேவையில்லாதவர்கள் வந்து நிற்கும்போது நம்மிடம் என்ன மிச்சமிருக்கும்? அவர்களில் பலர் நமக்குத் தெரிந்தவர்கள்."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, நான் அப்போது எந்த நாற்காலியில் இருந்தேன் என்பதே எனக்கு நிச்சயமில்லை.

என் ஆட்சேபத்தில் நியாயமிருப்பதாகக் கமிட்டி கண்டது. தொழிலாளர் துறை நேரில் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்று முடிவாயிற்று. முதலில் மேய்ப்பர் வேலைக்கு அமெரிக்கர்கள் தேவை என்று விளம்பரம் செய்யச் சொன்னார்கள். இருவர் வந்தார்கள். ஒருவர் ராத்திரி ஓநாய்ச் சத்தம் கேட்குமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். மற்றவர், ஆடுகள் ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிடுமா என்று கேட்டார். அறிக்கையில் இது 'இரண்டு உள்நாட்டு விண்ணப்பதாரர்கள் ஆர்வத்துடன் விசாரித்தனர்' என்று வந்தது.

பிறகு ஓர் ஆய்வாளர் செப்டம்பரில் மலை ஏறினார். வாஷிங்டன் காலணியோடு ஏறியவர் இரண்டாவது நாளே வழி தவறிவிட்டார். ஃபெர்மின் மந்தையை நாயிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு நாள் தேடி, ஒரு பள்ளத்தில் பனியில் நடுங்கிக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்து, முதுகில் சுமந்து கூடாரத்துக்குக் கொண்டுவந்து, ஆட்டுக்கறிக் குழம்பு ஊட்டித் தேற்றினான். ஆய்வாளர் நன்றியுள்ளவர். ஊருக்கு வந்ததும் ஃபெர்மினுக்கு ஒரு கம்பளிக் காலுறை வாங்கி அனுப்பினார். கடமை தவறாதவரும்கூட. அவருடைய அறிக்கையின் நான்காவது பத்தி: 'ஆய்வு நடந்த நான்கு நாட்களில் இரண்டு நாட்கள், மேற்படி அந்நியர் தம் பணியிடத்தில் காணப்படவில்லை.'

அந்தப் பத்திக்கு விளக்கம் கேட்கக் கமிட்டிக்கு எட்டு மாதம் ஆயிற்று.

இதற்கிடையில் எனக்கு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் புகழ் பெற்றேன். அந்த இரண்டரைப் பக்கத்தைப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. சொந்த மசோதாவையே எதிர்த்த நேர்மையாளர் என்றன. சட்டக் கல்லூரிகளில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். நான் மேடைக்குப் போனதும், அது தப்பாக நடந்தது, கவனக்குறைவு என்றுதான் தொடங்குவேன். கூட்டம் கைதட்டும். என்ன அடக்கம் என்பார்கள். பென்சில்வேனியாவில் ஒரு கல்லூரியில், சத்தியமாக நான் பெருமைக்குத்தான் எழுந்தேன் என்றேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

கட்சித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, ஆட்சேபகர்களுக்கே என்னைத் தலைவராக்கிவிட்டதாகச் சொன்னார். வேண்டாம், என்னை அந்தப் பதவியிலிருந்தே விடுவித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். விலகுவதற்குச் சபையின் ஏகமனதான சம்மதம் வேண்டும், ஒருவர் ஆட்சேபித்தாலும் நடக்காது என்றார். கேட்டேன். டட்டில் எழுந்து ஆட்சேபித்தார். அடுத்த மாதம் மறுபடி கேட்டேன். மறுபடி ஆட்சேபித்தார்.

சூப் குடிக்கும்போது அவரிடம் சண்டைக்குப் போனேன்.

"நான் என்ன செய்ய தம்பி" என்றார், கரண்டியை வைத்துவிட்டு. "இருபத்தெட்டு வருஷத்துல என் பக்கத்துல உக்காந்து என்கிட்ட பேசின ஆளு நீங்க ஒருத்தர்தான். உங்களை விட்டுட்டா நான் யாரோட எழுந்து நிக்கறது?"

இதற்கு மேல் ஒருவரோடு எப்படிச் சண்டை போடுவது?

மாதம் ஒருமுறை ஃபெர்மினிடமிருந்து கடிதம் வரும். அவன் சொல்ல, தீவனக் கடைக் கணக்குப்பிள்ளை எழுதியது. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: காத்திருக்கவா, போகவா? ஒருமுறை மைதேயின் புகைப்படம் இருந்தது. முன்பல் விழுந்திருந்தது. நான் பதில் எழுதுவேன். தங்கள் விஷயம் தீவிர பரிசீலனையில் உள்ளது, உரிய நடைமுறைகள் உரிய வேகத்தில் நடந்துவருகின்றன, சாதகமான அறிகுறிகள் தென்படுகின்றன. ஒருநாள் திருமதி க்ரோகன் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த மனுஷன் ஒரு வரி கேட்டிருக்கார். நீங்க ஒன்றரைப் பக்கம் சொல்லிட்டீங்க. பதில் எந்தப் பக்கத்துல சார் வருது?"

கடைசியில் 'ஆகவே பொறுமையுடன் காத்திருக்கவும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். போ என்று எழுதினால் அவனுக்காக நான் கொடுத்த ஒரே வாக்கு போய்விடும். காரியம் கெட்டது என்னால் என்று எழுதலாம். அதை எழுத முயன்றேன். மூன்றாவது வரியிலேயே அது தன்னடக்கமாகிவிட்டது.

1958 ஆகஸ்டில் கமிட்டி மசோதாவைச் சபைக்குத் திருப்பி அனுப்பியது. ப்ரூமுக்குத் திடீரென்று இரக்கம் வந்துவிடவில்லை. அவருடைய மருமகனின் மைத்துனனுக்கான தனி மசோதா அதே காகிதக் கட்டுக்குள் இருந்தது. கட்டைப் பிரிக்க நேரமில்லை. அது கூட்டத்தொடரின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. அன்று நிறைவேறாவிட்டால், சபை கலைந்ததும் மசோதா செத்துவிடும். ஜனவரியில் புதுச் சபை, எல்லாம் முதலிலிருந்து.

காலையிலேயே டட்டிலைப் பிடித்தேன். இன்றைக்கு நான் எழ மாட்டேன், மயக்கம் வந்தால்கூட உட்கார்ந்தபடியே விழுவேன், நீங்களும் எழக் கூடாது என்றேன். டட்டில் தன் மறைந்த மனைவியின்மேல் சத்தியம் செய்தார். நல்ல மனிதர். காப்பாற்றுவதாகத்தான் செய்தார்.

எழுத்தர் அந்தப் பெயரை வாசித்தார். நான் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டேன். டட்டில் தன் தொடைகளுக்கு அடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆட்சேபம் உண்டா? ஒரு மூச்சு நேரம். நான் அந்த மலையை நினைத்துக்கொண்டேன்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். இண்டியானாவில் இடைத்தேர்தலில் ஜெயித்து மூன்று வாரம் முன்பு வந்தவர். அவரும் வக்கீல். நாற்பது வயது இருக்கும், காதெல்லாம் சிவந்திருந்தது.

"தலைவர் அவர்களே, இடாஹோவின் மாண்புமிகு கனவான் இந்தச் சபைக்கு ஒரு பாடம் புகட்டினார். ஒரு சட்டக் கல்லூரிக் கூட்டத்தில் அவருடைய உரையைக் கேட்டுத்தான் நான் பொதுவாழ்வுக்கு வந்தேன். இன்று தன் மசோதா என்பதால் அவர் மௌனமாக அமர்ந்திருக்கும் வேதனையை என்னால் பார்க்க முடிகிறது. அவருக்காக, அவர் வழியில், நான் ஆட்சேபிக்கிறேன்."

ஓர் ஆட்சேபம். இரண்டு வேண்டும். அந்த மனிதர் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவருடைய முதல் பேச்சு அது. நான் டட்டிலைப் பார்த்தேன். டட்டில் என்னைப் பார்க்கவில்லை. அவர் பின்னால் திரும்பி அந்தப் புதியவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியா நிக்கறார் தம்பி" என்று முணுமுணுத்தார். அவர் கண்ணில் நீர் இருந்தது. பிறகு எழுந்துவிட்டார்.

சபை கலைந்தது. பதிவேட்டில் என் மௌனத்தை ஒன்றேகால் பக்கத்துக்கு விரிவாக்கியிருந்தார்கள்.

ரயிலில் இரண்டரை நாள். அதில் நான் ஃபெர்மினிடம் சொல்ல வேண்டியதைத் தயாரித்தேன். தீவனக் கடையில் ஒரு லாரியை இரவல் வாங்கிக்கொண்டு, பாதை முடிகிற இடம்வரை ஓட்டி, அங்கிருந்து நடந்து, செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு பிற்பகல் அவன் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தரையில் குழி தோண்டி, தணலுக்கு நடுவே இரும்புப் பானையைப் புதைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, உட்காருவதற்கு ஒரு மரப்பெட்டியைக் காட்டினான். குடியேற்ற அலுவலகத்தின் கடிதம் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. சர்க்கரை டப்பாவுக்கு அடியில் அதன் ஓரம் தெரிந்தது. அறுபது நாளில் வெளியேற வேண்டும்.

நான் பேசினேன். கால் மணி நேரம் இருக்கும். எதிர்பாராத நடைமுறைச் சூழல், கூட்டத்தொடரின் நெருக்கடி, அடுத்த சபையில் பிரகாசமாகத் தெரியும் வாய்ப்பு, அலுவலகத்திடம் பேசி ஜனவரிவரை நிறுத்திவைக்க எனக்கிருக்கும் செல்வாக்கு. எங்கோ நடுவில், 'ஆட்சேபித்த கனவான்' என்று என்னையே சொன்னேன். ஃபெர்மின் குறுக்கே பேசவில்லை. நான் முடிக்கும் வரை தணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பானையைத் தோண்டி எடுத்து, ரொட்டியைக் கவிழ்த்து, அதன் அடியில் கத்தியால் ஒரு சிலுவை கீறினான். முதல் துண்டை நாய்க்குப் போட்டான். அது அவர்கள் வழக்கம். இரண்டாவது துண்டை எனக்குக் கொடுத்தான். வரிசை சரியாகத்தான் இருந்தது.

"அந்த மே மாசத்துல நீங்க எழுந்தது பேப்பர்ல வந்துச்சு. கடையில படிச்சுக் காட்டினாங்க" என்றான். "பெரிய காரணத்துக்காக எழுந்தீங்களாம். என்ன காரணம் வக்கீல் சார்? நானும் ஒண்ணேகால் வருஷமா யோசிச்சுப் பாத்துட்டேன். எனக்கு எட்டலை."

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே, மாதாமாதம், காத்திருக்கவா என்று என்னிடமே கேட்டிருக்கிறான்.

"காரணமே இல்ல ஃபெர்மின்" என்றேன். "உன் பேரை வாசிச்சாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. எழுந்துட்டேன். பக்கத்துல இருந்தவர் தப்பா எடுத்துக்கிட்டார். என் வாயும் சேர்ந்துக்கிச்சு. அவ்வளவுதான்."

அவன் கைதட்டவில்லை. ரொட்டியை மென்றபடி என்னையே பார்த்தான். 'என்ன அடக்கம்' என்று அவன் முகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றான்.

"சொல்லியிருக்கலாம்."

"மைதேக்கு அப்ப ஏழரை வயசு."

கீழே சரிவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவனுடைய இருநூறும் அதில் எங்கோ. அவன் எழுந்து ஒரு விசில் அடித்தான். நாய் ஓடிப்போய், ஒதுங்கிப்போன நாலைந்தை மந்தையோடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டது. ஓர் ஆணை, ஒரு காரியம். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கேட்டேன். ரயிலில் தயாரித்தது எதுவும் மிச்சமில்லாததால், அவன் என்னிடம் கேட்ட மாதிரியே நானும் ஒரு வரியில் கேட்டேன்.

"ஜனவரியில மறுபடி மசோதா போடட்டுமா, வேண்டாமா?"

ஃபெர்மின் உடனே பதில் சொன்னான்.

"நீங்க போட்டா நான் காத்திருப்பேன், வக்கீல் சார். என்னால காத்திருக்காம இருக்க முடியாது. அதனால போடாதீங்க."